இது போர்ஷே இல்லை: ஒரு காரும் அதைப் பற்றிக் கதைத்தவர்களும்

2002 செப்டெம்பரில் பரிஸ் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே நிறுவனம் கயென் என்ற வாகனத்தை அறிமுகப்படுத்தியது. அதுவரை போர்ஷே எண்டால் எல்லாருக்கும் மனதில் வருவது தாழ்ந்த, இரண்டு கதவுள்ள, பந்தயச் சாயல் கொண்ட ஒரு கார்தான். கயெனோ ஐந்து பேர் வசதியாக இருக்கக்கூடிய, நிலத்திலிருந்து உயர்ந்து நிற்கும், எங்கட ஊரில் சனம் 'பெரிய ஜீப்' எண்டு சொல்லும் வகை வண்டி. எஸ்.யூ.வி. என்பது அதன் சந்தைப் பெயர். வந்த நாளில் இருந்தே அதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, சொந்தக்காரர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

எங்களில் ஒருத்தரும் கயென் வாங்கப்போறதில்லை. பிறகேன் இதை எழுதுறீங்கள் எண்டு கேட்பீர்கள். நாங்கள் படங்களுக்கும் புத்தகங்களுக்கும் விமர்சனம் எழுதுகிறவர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வருகிறது: "ஒருக்கா பார்த்துப்போட்டு எழுதுறீங்கள், அதோட வாழ்ந்த எங்களுக்குத்தானே தெரியும்." இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறதா? ஒரு பொருளை வெளியில் நின்று பார்க்கிறவருக்கு அதைப் பற்றி அதிகம் தெரியுமா, அல்லது அதோடு பழகுகிறவருக்கா? படத்தை வைத்து இதைத் தீர்ப்பது கஷ்டம். காரை வைத்து ஓரளவு பார்க்கலாம். கார் அளக்கக்கூடியது, பழுதாவது, பத்து வருடம் வீட்டில் நிற்பது. அதோடு மனிதர்கள் தங்கள் பணத்தையும் கௌரவத்தையும் அதில் போட்டிருக்கிறார்கள்.

முதலில், போர்ஷே ஏன் இந்த வண்டியைச் செய்தது?

1980களின் நடுப்பகுதியில் போர்ஷேக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. 1986இல் அங்கே மட்டும் சுமார் 30,000 கார்கள் விற்றன. பிறகு டொலர் விழுந்தது, பொருளாதாரம் சுருங்கியது. 1993இல் அமெரிக்காவில் விற்றது 4,000க்கும் குறைவு. நிறுவனம் கைமாறிவிடும் என்ற நிலை. அந்த நேரத்தில் தலைமைக்கு வந்த வெண்டலின் வீடெக்கிங், யப்பானிய ஆலோசகர்களைக் கூப்பிட்டுத் தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தினார். 1996இல் பொக்ஸ்டர் என்ற மலிவான ஸ்போர்ட்ஸ் கார் வந்து மூச்சு விட இடம் கொடுத்தது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் விற்றுத் தனியாக நிற்க ஏலாது என்பது நிறுவனத்துக்கு விளங்கியிருந்தது. அந்த நேரம் அமெரிக்காவில் பணம் உள்ளவர்கள் மேர்சிடிஸ் எம் கிளாஸ், பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 என்று உயரமான வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். 1998இல் போர்ஷே வொக்ஸ்வாகனோடு கூட்டுச் சேர்ந்தது. ஒரே அடித்தளத்தில் வொக்ஸ்வாகனுக்கு டுவாரெக், போர்ஷேக்குக் கயென். கயெனின் உடற்கூடு ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் செய்யப்பட்டு, ஜேர்மனியின் லைப்சிக் நகரில் கட்டிய புதுத் தொழிற்சாலையில் முழு வண்டியாகப் பொருத்தப்பட்டது.

பத்திரிகைகள் சொன்னது என்ன? சுருக்கினால் இரண்டு விஷயம். ஒன்று, பார்க்க வடிவில்லை. 911 என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முகத்தை ஒரு உயர்ந்த பெட்டியில் ஒட்டின மாதிரி இருக்கு என்பது பல நாட்டு விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை. இரண்டாவது, ஓட்டினால் அதிசயம். கயென் டர்போவுக்கு 450 குதிரைவலு. 2.3 தொன்னுக்கும் மேல் எடையுள்ள அந்த உடம்பு நின்ற நிலையில் இருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை 5.6 செக்கனில் தொட்டது. அதே வண்டியில் சேறு, மலைப்பாதைக்கான தாழ் கியர் வசதியும் இருந்தது. இவ்வளவு பாரமான ஒன்று இப்படி வளைவெடுக்குமா எண்டு எழுதியவர்களே ஆச்சரியப்பட்டார்கள்.

இப்ப கோபப்பட்டது யார் என்று பாருங்கள். கயென் வாங்கியவர்களுக்கு முன்னம் கோபப்பட்டவர்கள் 911 வைத்திருந்தவர்கள். அவர்கள் கயெனை வாங்கவில்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் அது தங்களை அவமதித்தது போல உணர்ந்தார்கள். விமர்சனங்களில் இருந்த "வடிவில்லை" என்ற பாதியை எடுத்துக்கொண்டு, "நல்லா ஓடுது" என்ற பாதியை விட்டுவிட்டார்கள். அவர்களின் முறைப்பாட்டை ஒரே வசனத்தில் சொல்லலாம்: இது உண்மையான போர்ஷே இல்லை.

இந்த வசனம் 2002இல் பிறந்ததில்லை. 1969இல் வொக்ஸ்வாகனோடு சேர்ந்து 914 என்ற காரைச் செய்தபோதும் இதே கதைதான். 1976இல் 924 வந்தது. அது முதலில் வொக்ஸ்வாகனுக்காக வரைந்த திட்டம், அவுடியின் தொழிற்சாலையில் கட்டப்பட்டது, எஞ்சின் முன்னால் இருந்தது. உண்மையான போர்ஷேக்கு எஞ்சின் பின்னாலதான் இருக்கவேணும் என்று பழைய ஆக்கள் முகம் சுளித்தார்கள். 1977இல் 928 வந்தது. பத்திரிகையாளர்கள் அதைக் கொண்டாடி, 1978க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதையே கொடுத்தார்கள். 911க்குப் பதிலாக இனி அதுதான் என்று நிறுவனமும் நினைத்தது. ஆனால் 911ஐ விரும்பியவர்கள் மாறவில்லை. 1981இல் தலைவராக வந்த பீட்டர் ஷுட்ஸ், 911ஐ நிறுத்தும் முடிவைத் திருப்பினார். விமர்சகர்களின் விருதைவிடச் சொந்தக்காரர்களின் பிடிவாதம் வென்ற இடம் அது. பிறகு 1997இல் 911க்கே காற்றுக் குளிரூட்டலை விட்டு நீர்க் குளிரூட்டல் வந்தபோது திரும்பவும் சண்டை. அதன் முன்விளக்குகளைப் பொரித்த முட்டை எண்டு நக்கலடித்தார்கள்.

ஆக 'உண்மையான போர்ஷே' என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் முந்தின தலைமுறையின் கார்தான். கயெனோடு மட்டும் ஒரு விஷயம் புதிதாகச் சேர்ந்தது. ஹார்வர்டில் சந்தைப்படுத்தல் படிப்பிக்கும் ஜில் ஏவரி, போர்ஷே சொந்தக்காரர்கள் தங்களுக்குள் கயென் பற்றிக் கதைத்தவற்றை நீண்டகாலம் கவனித்து 2012இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: அமெரிக்காவில் எஸ்.யூ.வி. என்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கும் விளையாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகும் தாய்மாரின் வண்டி என்ற படிமம் இருந்தது. 911 ஆண்மையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டது. பெண்கள் ஓட்டும் வண்டியில் அதே சின்னம் ஒட்டப்பட்டதும், சில ஆண் சொந்தக்காரர்கள் 'நாங்கள் உண்மையான போர்ஷேக்காரர், அவர்கள் இல்லை' என்று கோடு கீறத் தொடங்கினார்கள். காரின் எடை, உயரம், எஞ்சின் எல்லாம் வாதத்தின் மேல்தோல். உள்ளே இருந்த பயம் வேறு.

இதைப் படித்தபோது எங்களுக்கு விமர்சனங்களுக்கு வரும் பதில்களில் பாதி விளங்கியது மாதிரி இருந்தது. நீங்கள் ஒரு பொருளைக் குறை சொல்லும்போது, அதை வைத்திருக்கிறவருக்கு அவரையே குறை சொல்வதாகக் கேட்கிறது.

சரி, கயெனையே வாங்கியவர்கள்? அவர்களுக்கும் விமர்சனம் சுட்டது, வேறு விதமாக. 1957இல் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 'அறிவார்ந்த முரண்' பற்றிய தன் கோட்பாட்டை வெளியிட்டார். தான் செய்த தெரிவும் தனக்குத் தெரிந்த தகவலும் முட்டிக்கொள்ளும்போது மனிதருக்கு உள்ளே ஒரு கரைச்சல் வரும், அதைக் குறைக்க அவர் தகவலையே தெரிந்தெடுத்து வாசிப்பார் என்பது அதன் சாரம். அதே வருடம் வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் புதுக் கார் வாங்கியவர்களிடம் கேட்டுப் பார்த்தது. அவர்கள் தாங்கள் வாங்கின காரின் விளம்பரங்களைத்தான் கூடுதலாக வாசித்திருந்தார்கள். வாங்க யோசித்து விட்ட கார்களின் விளம்பரங்களை அவ்வளவாக வாசிக்கவில்லை. வாங்கி முடிந்த சாமானுக்கு விளம்பரம் எதற்கு? நான் செய்தது சரிதான் என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. விளம்பரம் அதைச் சொல்லும். விமர்சனம் சொல்லாமல் விட்டுவிடலாம்.

இந்த இடத்தில் நிறுத்தினால் விமர்சகர் அறிவாளி, சொந்தக்காரர் தன் பணத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று முடிந்துவிடும். வரலாறு அப்படி முடியவில்லை.

முதல் தலைமுறைக் கயெனின் 4.5 லீற்றர் வி8 எஞ்சினில், இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில், குளிர்நீர் போகும் குழாய்கள் பிளாஸ்டிக்கில் இருந்தன. எஞ்சினின் ஆகச் சூடான இடங்களில் ஒன்று அது. புது வண்டியில் ஒரு பிரச்சினையும் இல்லை. சில வருடம் சூட்டில் வெந்த பிறகு பிளாஸ்டிக் நொருங்கத் தொடங்கியது, குளிர்நீர் ஒழுகியது. பிறகு அலுமினியக் குழாய் வந்தது. அமெரிக்காவில் 2003 முதல் 2006 வரையான மாதிரிகளை வைத்திருந்தவர்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள், அது இணக்கத்தில் முடிந்தது.

இந்தப் பழுதை 2002, 2003இல் எழுதிய எந்த விமர்சகராலும் கண்டிருக்க முடியாது. அவர் கையில் வண்டி இருந்தது ஒரு நாள், மிஞ்சினால் ஒரு கிழமை. நிறுவனம் கொடுத்த புது வண்டி, கழுவித் துடைத்தது. வடிவில்லை என்பதை அவர் ஒரு பார்வையில் சொல்லலாம், வளைவு எடுக்கும் விதத்தை அரை நாளில் சொல்லலாம். பிளாஸ்டிக் ஐந்தாம் வருடம் என்ன செய்யும் என்பது சொந்தக்காரரின் அறிவு, அவரின் வண்டியைத் திருத்தும் கராஜ்காரரின் அறிவு. இந்த அறிவைச் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்துத்தான் அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் பெயரெடுத்தது. 1970களின் தொடக்கத்தில் மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் கார் வைத்திருந்தவர்களிடம் கேட்டு, ஒரு சின்ன முத்திரை வளையம் பழுதாகிறது என்று அது வெளியில் கொண்டுவந்தது. தனித்தனியே 'என்ர கார் மட்டும்தான் இப்படியோ' எண்டு நினைத்த ஆக்களைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு உண்மை தெரிந்தது.

விமர்சகரைப் பற்றி இன்னொரு கேள்வியும் உண்டு. அவரின் பயணச் செலவு, ஹோட்டல், வண்டி எல்லாம் பெரும்பாலும் உற்பத்தி நிறுவனத்தின் கணக்கில். பத்திரிகைக்கு விளம்பரம் தருவதும் அதே நிறுவனம். லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸில் கார் விமர்சனம் எழுதிய டான் நீல் 2004இல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு பெற்றார். அடுத்த வருடம் ஏப்ரலில் பொன்டியாக் ஜி6 என்ற காரையும் அதைச் செய்த நிறுவனத்தின் தலைமையையும் அவர் கடுமையாக எழுத, ஜெனரல் மோட்டர்ஸ் அந்தப் பத்திரிகைக்கான விளம்பரங்களையே நிறுத்தியது. சில மாதங்களுக்குப் பிறகுதான் திரும்பக் கொடுத்தது. ஆகவே 'இவங்களுக்குக் காசு கிடைச்சிருக்கும்' எண்டு சொந்தக்காரர் சந்தேகப்படுவதை வெறும் வயிற்றெரிச்சல் என்று தள்ள ஏலாது. பரிசு வென்ற எழுத்தாளருக்கே இந்த நெருக்கடி எண்டால் மற்றவர்கள் எவ்வளவை விழுங்கியிருப்பார்கள்?

ஆனால் எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது, அதுவும் ஒரு சொகுசு எஸ்.யூ.வி.தான். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்கச் சஞ்சிகை விளம்பரம் எடுப்பதில்லை, சோதிக்கும் கார்களைத் தன் காசில் கடையில் வாங்குகிறது. 2010 ஏப்ரல் 13ஆம் திகதி அது லெக்ஸஸ் ஜி.எக்ஸ். 460 என்ற வண்டியை வாங்கவேண்டாம், பாதுகாப்பு ஆபத்து என்று அறிவித்தது. சோதனைப் பாதையில் வேகமான ஒரு வளைவில் ஓட்டுநர் திடீரென்று அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டாகச் சறுக்கிக்கொண்டு போனது. அதைத் தடுக்க வேண்டிய மின்னணுக் கட்டுப்பாடு பிந்தித்தான் வேலை செய்தது. அப்படி ஒருவர் காயப்பட்டதாகத் தங்களுக்குத் தகவல் இல்லை என்பதையும் சஞ்சிகை சொன்னது.

ஒரு சொந்தக்காரர் என்ன சொல்லியிருப்பார்? எனக்கு அப்படி நடக்கவே இல்லை. அது பொய்யில்லை. பெரும்பாலான மனிதர் வாழ்க்கையில் ஒருமுறைகூட அந்த வளைவில் அந்த வேகத்தில் காலை எடுக்கமாட்டார்கள். எடுக்கிற ஒருநாள்தான் முக்கியம். ரொயோட்டா அதே நாளில் விற்பனையை நிறுத்தியது, சுமார் 9,400 வண்டிகளைத் திருப்பி அழைத்து மென்பொருளை மாற்றியது. மே 7ஆம் திகதி சஞ்சிகை திரும்பச் சோதித்துத் தன் எச்சரிக்கையை விலக்கியது. சொந்தக்காரரின் அனுபவத்துக்கு எட்டாத ஒன்றை விமர்சகர் கண்ட சந்தர்ப்பம் இது. கயெனின் குழாய் அதற்கு நேர் எதிர்.

கயெனுக்குத் திரும்புவோம். வருடம் 25,000 விற்கும் என்று போர்ஷே நினைத்திருந்தது. முதல் தலைமுறை எட்டு வருடத்தில் 276,652 விற்றது, வருடக் கணக்கில் கிட்டத்தட்ட 35,000. 2020இல் பத்து லட்சமாவது கயென் வெளிவந்தது. அந்த வருமானத்தில் 911 தொடர்ந்து வந்தது. முகம் சுளித்த ஆக்களின் கார் உயிரோடு நிற்பதற்கு அவர்கள் வெறுத்த வண்டியும் ஒரு காரணம். பிறகு பென்ட்லி, லம்போர்கினி, கடைசியாக 2022இல் ஃபெராரியும் இதே பாதையில் உயரமான வண்டி செய்தன.

இந்த எண்களைக் காட்டி, விமர்சகர்கள் பிழை என்று நிரூபணமாகிவிட்டது எண்டு அடிக்கடி எழுதுகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை. நிறைய விற்றது என்பதால் ஒரு பொருள் வடிவாகிவிடாது. போர்ஷே என்ன செய்தது என்று பாருங்கள். 2007இல் முகத்தைத் திருத்தியது. 2010இல் இரண்டாம் தலைமுறையை முழுதாகத் திரும்ப வரைந்தது, எடையைக் கிட்டத்தட்ட 180 கிலோ குறைத்தது, பெரும்பாலானோர் பாவிக்காத தாழ் கியரையும் எடுத்துவிட்டது. நிறுவனம் விமர்சனத்தோடு வாய் கொடுத்துச் சண்டை பிடிக்காமல் வண்டியை மாற்றியது. குறை சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்கு விற்பனைக் கணக்கைவிட இது நல்ல சாட்சி.

இவ்வளவுக்கும் பிறகு, இரு பக்கமும் காணாத ஒன்று இருந்தது.

2009இல் கயெனுக்கு டீசல் எஞ்சின் வந்தது. ஐரோப்பாவில் நன்றாக விற்றது. விமர்சகர்கள் எரிபொருள் சிக்கனத்தைப் பாராட்டினார்கள், சொந்தக்காரர்களுக்கும் திருப்தி. இரண்டு பக்கமும் சண்டை இல்லாமல் ஒத்துப்போன அபூர்வமான இடம். இதற்கிடையில் 2013இல், போக்குவரத்து மாசைப் பற்றி ஆராயும் ஒரு அமைப்புக்காக மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு மூன்று டீசல் கார்களைச் சோதித்தது. புகைக்குழாயில் கருவியைப் பூட்டிக்கொண்டு உண்மையான றோட்டில் ஓடிப் பார்த்தார்கள். இரண்டு வொக்ஸ்வாகன் கார்கள் சட்டம் அனுமதித்ததைவிடப் பல மடங்கு நைதரசன் ஒக்சைட்டைக் கக்கின. மூன்றாவது பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5, பெரும்பாலும் எல்லைக்குள் நின்றது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போன அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகனின் மோசடி மென்பொருளை அம்பலப்படுத்தியது. சோதனைக் கூடத்தில் சுத்தமாகவும் றோட்டில் அழுக்காகவும் ஓட வைக்கும் மென்பொருள் அது. அதே வருடம் நவம்பரில் வந்த இரண்டாவது அறிவித்தலில் மூன்று லீற்றர் டீசல் எஞ்சின்களும் சேர்ந்தன. கயென் டீசல் அதில் இருந்தது. 2017இல் ஜேர்மனியும் கயென் டீசலின் புதுப் பதிவுகளைத் தடைசெய்து, ஐரோப்பாவில் சுமார் 22,000 வண்டிகளைத் திருப்பி அழைக்க உத்தரவிட்டது. 2018இல் போர்ஷே டீசலையே கைவிட்டது.

இதை ஏன் சொல்கிறோம்? விமர்சகரும் சொந்தக்காரரும் பத்து வருடமாகச் சண்டை பிடித்தது முகம், வேகம், இருக்கை, கௌரவம் பற்றி. இருவரும் இருந்தது வண்டிக்கு உள்ளே. வண்டிக்கு வெளியே, அது போன பிறகு அந்தப் புகையை மூச்சில் எடுத்தவர் ஒருத்தர் இருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர், சைக்கிளில் போனவர், றோட்டோர வீட்டில் படுத்திருந்த குழந்தை. அவருடைய கருத்தை ஒரு சஞ்சிகையும் கேட்கவில்லை. வண்டி பற்றிய விமர்சனத்தில் அவருக்கு இடம் இருக்கிறது என்றே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவருக்காகக் கதைத்தது புகைக்குழாயில் பூட்டின ஒரு கருவி.

ஆகவே "வாழ்ந்த எங்களுக்குத்தானே தெரியும்" என்ற பதிலுக்கு எங்களுடைய நிலைப்பாடு இது. வாழ்ந்தவருக்குத் தெரிவது உண்மையிலேயே விமர்சகருக்குத் தெரியாது, அதைக் கேட்டுத்தான் ஆகவேணும். விமர்சகர் தான் எவ்வளவு நேரம், யாருடைய செலவில் பார்த்தார் என்பதைச் சொல்லவேணும். வாழ்ந்தவரும் தான் காப்பாற்ற நினைப்பது பொருளையா, தன்னையா எண்டு ஒருக்கா யோசிக்கவேணும். இரண்டு பேரும் சந்தோசமாக ஒத்துப்போகிற நாளில், வெளியில் நிற்கிற மூன்றாவது ஆள் யார் என்று தேடுவது இனி எங்கட வேலை. படத்துக்கும் அப்படித்தான், புத்தகத்துக்கும் அப்படித்தான். அடுத்த விமர்சனத்தை அந்த ஆளிடம் இருந்து தொடங்கிப் பார்க்கப்போகிறோம்.